புராணத் தொடர்களைக் கைபேசியில் முறைப்படி பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"விஜய் டிவி மகாபாரதம் முழுசா எங்கே கிடைக்கும்?" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் யாராவது கேட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் ஒரு டெலிகிராம் இணைப்பு வந்து விழுந்துவிடும். அதைத் தொட்டால் இன்னொரு குழு. அதில் சேர்ந்தால், முன்பின் தெரியாத ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். நிறுவினாலும் பாதி எபிசோடுகள் காணாமல் போயிருக்கும், மீதியில் சத்தம் வராது. இவ்வளவு அவதிக்குத் தேவையே இல்லை. பெரும்பாலான புராணத் தொடர்கள் முறையான செயலிகளிலேயே இருக்கின்றன. சிலவற்றுக்குக் காசுகூடக் கேட்பதில்லை. எதை எங்கே தேடுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

கைபேசியிலோ டேப்லெட்டிலோ முதன்முதலாகத் தொடர் பார்க்க உட்காருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டுப் பெரியவர்களுக்கு இதையெல்லாம் அமைத்துக் கொடுக்கிறவர்களுக்கும் உதவும்.

முதலில், எந்த மகாபாரதம்?

செயலியைத் திறப்பதற்கு முன்னாலேயே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கதைக்கு எத்தனையோ தொடர்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்கிறது.

தூர்தர்ஷனில் 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலை வரை ஓடியது ராமானந்த் சாகரின் ராமாயணம், 78 பகுதிகள். 1988 அக்டோபரில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் தொடங்கி 1990 வரை 94 பகுதிகள் வந்தது. இரண்டுமே இந்தியில் எடுக்கப்பட்டவை. அன்றைக்குத் தமிழ்நாட்டு வீடுகளிலும் பாஷை புரிந்தோ புரியாமலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் இவற்றை மறுபடி ஒளிபரப்பியபோது புதிய தலைமுறையும் பார்த்தது.

2013-இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய மகாபாரதம் வேறு. மொத்தம் 267 பகுதிகள். விஜய் டிவியில் தமிழ்க் குரலோடு வந்து, நல்ல தமிழ் வசனத்துக்காகவே பேசப்பட்டது இதுதான். "கிருஷ்ணரா ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே பேசுவாரே, அது" என்று உங்கள் அம்மா சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார். அதே 2013-இல் சன் டிவியில் ஞாயிறு காலைகளில் வந்த மகாபாரதம் தமிழ் நடிகர்களை வைத்துத் தமிழிலேயே எடுத்தது. மொழிமாற்றமில்லாத உதட்டசைவு வேண்டும் என்கிறவர்கள் இதைத் தேடலாம்.

முருகன் கதை வேண்டுமென்றால் விஜய் டிவியில் 2017-இல் தொடங்கிய 'தமிழ்க் கடவுள் முருகன்' இருக்கிறது. குழந்தைகளுக்கென்றால் 2021-இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் ஹனுமான்' அனிமேஷன் தொடர். பெரியவர்களும் வாய்பிளந்து பார்ப்பார்கள், சொல்லிவிட்டேன்.

முதன்முறை பார்க்கிறவர் யோசனை கேட்டால் நான் 2013 மகாபாரதத்தைத்தான் சொல்வேன். படம் தெளிவு, தமிழ் கேட்கச் சுகம், ஒரு பகுதி இருபது நிமிடத்துக்கு மேல் கொஞ்சம்தான். பேருந்தில் போகும்போது ஒன்று பார்த்து முடிக்கலாம்.

ஒளிபரப்பிய சேனலைப் பிடியுங்கள், செயலி தானாகக் கிடைக்கும்

முக்கியமான சூத்திரம் இது ஒன்றுதான். தொடரின் பெயரைக் கூகுளில் போட்டு வருகிற முதல் இணைப்பைத் தொடாதீர்கள். அது எந்த சேனலில் வந்தது என்று மட்டும் பாருங்கள். சேனல் தெரிந்தால் செயலியும் தெரிந்துவிடும்.

விஜய் டிவி, ஸ்டார் பிளஸ், ஸ்டார் பாரத் என்றால் ஜியோஹாட்ஸ்டார். ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் இணைந்து 2025 பிப்ரவரியில் உருவான செயலி இது. பழைய ஹாட்ஸ்டாரைத் தேடிக்கொண்டிருந்தால் இனி இதுதான். கலர்ஸ் குழும நிகழ்ச்சிகளும் இங்கேதான் வந்து சேர்ந்தன. சன் டிவி என்றால் சன் நெக்ஸ்ட். ஜீ தமிழ் என்றால் ஜீ5. சோனி என்றால் சோனி லிவ். கணேசர் கதையைச் சொல்லும் 'விக்னஹர்தா கணேஷ்' சோனியில் வந்தது.

தூர்தர்ஷன் தொடர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் என்ற செயலி. பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளைத் தேட இதுதான் முதல் இடம், நிறைய விஷயங்கள் இலவசம். இன்னொன்று, தயாரிப்பாளர்களின் சொந்த யூடியூப் சேனல்கள். சாகர் குடும்பத்து நிறுவனம் 'திலக்' என்ற பெயரில் நடத்தும் சேனலில் அவர்களுடைய தொடர்களைப் போடுகிறார்கள். கைபேசியில் ஏற்கெனவே யூடியூப் இருப்பதால் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உரிமை கைமாறும்போது தொடரும் இடம் மாறும். போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமல் போகலாம். அதனால் காசு கட்டுவதற்கு முன் செயலியை இலவசமாக நிறுவி, உங்கள் தொடர் இருக்கிறதா, தமிழில் இருக்கிறதா, முதல் பகுதியிலிருந்து இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். காசு கட்டாமலேயே பட்டியலைப் பார்க்க முடியும். எந்தப் பகுதிக்குக் காசு என்பதும் அதில் தெரியும்.

செயலியை எங்கிருந்து எடுப்பது

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், ஐபோனிலும் ஐபேடிலும் ஆப் ஸ்டோர். வேறு எங்கிருந்தும் வேண்டாம். தேடும்போது மேலே விளம்பரமாக வேறு ஏதாவது வரும், லோகோவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். செயலியின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதைப் படித்துவிட்டு நிறுவுங்கள்.

"பிரீமியம் இலவசம்" என்று சொல்லி வரும் ஏபிகே கோப்புகளை (ஸ்டோருக்கு வெளியே நிறுவும் செயலிக் கோப்புகள்) தொடவே கூடாது. அவற்றை நிறுவ, கைபேசியின் பாதுகாப்பு அமைப்பில் ஒரு பூட்டைத் திறந்துவிடச் சொல்வார்கள். அப்புறம் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். தொடர் பார்க்க எதற்குக் குறுஞ்செய்தி? வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் பிடிக்கத்தான். பெரியவர்களின் கைபேசியில் இந்த விபத்து சுலபமாக நடக்கும்.

யூடியூபில் அசலையும் நகலையும் பிரித்தறிதல்

யூடியூபில் இருப்பதெல்லாம் முறையானது என்று நினைக்க வேண்டாம். அடுத்தவர் தொடரை யாரோ ஏற்றி வைத்திருப்பது அங்கே சகஜம். திருடி ஏற்றுகிறவர்கள் யூடியூபின் தானியங்கிக் கண்காணிப்பிலிருந்து தப்ப சில தந்திரங்கள் செய்வார்கள், அவையே காட்டிக்கொடுத்துவிடும். படத்தைச் சுற்றிப் பூ வேலைப்பாடு போட்ட சட்டம் இருக்கும். குரல் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும், அல்லது இறங்கிக் கரகரக்கும். ஒரு பகுதியைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள்.

இன்னொரு தந்திரம், படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவது. புராணத் தொடரில் இதைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம்: துரோணரின் பூணூலைப் பாருங்கள். இடது தோளிலிருந்து வலப்பக்கமாக இறங்க வேண்டியது, தர்ப்பணத்துக்கு மாற்றிப் போட்டதுபோல வலது தோளில் தொங்கிக்கொண்டிருக்கும். ராமர் ஆசீர்வதிப்பது இடது கையாக இருக்கும். மூலையில் சேனல் லோகோ இருந்த இடத்தில் ஒரு மங்கல் திட்டு இருக்கும்.

அசல் சேனலில் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்ப்புக் குறி இருக்கும். பகுதிகள் வரிசையாகப் பிளேலிஸ்டில் அடுக்கப்பட்டிருக்கும். சேனலின் அறிமுகப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

"கதை பொதுச்சொத்துதானே?"

பலர் கேட்கும் கேள்வி இது. வியாசரின் கதைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, உண்மைதான். ஆனால் அதை வைத்து எடுத்த தொடர் வேறு பொருள். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-இன்படி படமாக்கப்பட்ட படைப்புக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1987-இல் வந்த ராமாயணப் பகுதிகள் 2047 முடிகிறவரை உரிமையாளரின் சொத்து. 2013-இல் வந்த மகாபாரதப் பகுதிகளுக்கு 2073 வரை.

அனுமதியில்லாமல் தெரிந்தே பிரதி எடுத்துப் பரப்புவது அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் குறைக்கலாம். முழு எபிசோடுகளைக் குழுக்களில் அனுப்பிக்கொண்டே இருக்கும் மாமாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். முறையான இணைப்பை அனுப்புவதில் ஒரு தப்பும் இல்லை.

காசு கட்டுவது

கட்டுவதற்கு முன் உங்கள் ரீசார்ஜைப் பாருங்கள். ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலுமே சில திட்டங்களோடு ஓடிடி (இப்படி இணையத்தில் தொடர் காட்டும் செயலிகள்) சந்தா சேர்ந்தே வருகிறது. ஏற்கெனவே கட்டிய காசில் உரிமை இருந்தும் தெரியாமல் மறுபடி கட்டுகிறவர்கள் நிறைய. அப்படிச் சேர்ந்து வந்தால், ரீசார்ஜ் செய்த அதே எண்ணைக் கொடுத்துத்தான் செயலிக்குள் நுழைய வேண்டும். வேறு எண்ணில் நுழைந்துவிட்டு "சந்தா கேட்கிறதே" என்று திண்டாட வேண்டாம்.

தனியாகக் கட்டுவதாக இருந்தால் மொபைல் திட்டமே போதும். ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மொபைல் திட்டம் 3 மாதத்துக்கு ₹149 ஆக இருந்தது. விலை அடிக்கடி மாறுவதால் இன்றைய தொகையைச் செயலியிலேயே பாருங்கள். இந்த வகைத் திட்டத்தில் பெரும்பாலும் ஒரே கைபேசிதான், டிவியில் போட முடியாது. அப்பா டேப்லெட்டிலும் பாட்டி போனிலும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த திட்டத்துக்குப் போக வேண்டும். வருடச் சந்தா மலிவாகத் தெரியும், ஆனால் ஒரு தொடருக்காக மட்டும் சேருகிறீர்கள் என்றால் குறுகிய காலத் திட்டத்தில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

யூபிஐ மூலம் கட்டும்போது 'ஆட்டோபே' என்று ஒன்று கூடவே வரும். அனுமதி கொடுத்தால் காலம் முடிந்ததும் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும். ரிசர்வ் வங்கி விதிப்படி, எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். நிறுத்த வேண்டுமென்றால், பணம் கட்டிய யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கேயுள்ள சந்தா பக்கத்தில் நிறுத்த வேண்டும். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், நிற்காது.

தேடல், மொழி, வரிசை

உள்ளே நுழைந்தாயிற்று, இனி தேட வேண்டும். பல தொடர்களில் இந்தியும் தமிழும் தனித்தனித் தலைப்புகளாக இருக்கும். சிலவற்றில் ஒரே தலைப்புக்குள் மொழி மாற்றும் பொத்தான் இருக்கும். 'மகாபாரத்' என்று தேடினால் இந்தியும் 'மகாபாரதம்' என்று தேடினால் தமிழும் முன்னால் வர வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் சேனல் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். செயலியில் தமிழை விருப்ப மொழியாக முதலிலேயே தேர்ந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த சிக்கல் வரிசை. பல செயலிகளில் தொடரைத் திறந்தால் கடைசிப் பகுதிதான் மேலே இருக்கும். தெரியாமல் அதைத் தொட்டால் பதினெட்டாம் நாள் போரில் போய் நிற்பீர்கள். துரியோதனன் தொடையில் அடிபடுவான் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம் என்றாலும், தொடக்கத்திலிருந்து பார்ப்பதுதானே முறை. சீசன் பட்டியலைத் திறந்து முதல் சீசனுக்குப் போங்கள், அல்லது வரிசையை மாற்றும் பொத்தானைத் தேடுங்கள். ஒருமுறை சரியாகத் தொடங்கிவிட்டால் அடுத்த தடவை முகப்பிலேயே, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லிக் காட்டும்.

டேட்டாவும் தரவிறக்கமும்

480பி என்ற சாதாரணப் படத் தரத்தில் இருபது நிமிடப் பகுதிக்குச் சுமார் 150 எம்பி செலவாகும். தினம் 1.5 ஜிபி வரும் ரீசார்ஜில் ஏழெட்டுப் பகுதிகள் தாராளமாகப் பார்க்கலாம். எச்டிக்குப் போனால் இது பல மடங்கு ஏறும். ஐந்தாறு அங்குலத் திரையில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டேப்லெட்டில் தெரியும்.

பழைய தூர்தர்ஷன் தொடர்களுக்கு எச்டியே வேண்டாம். அவை அந்தக் காலத்து வீடியோ டேப்பில், சாதாரணத் தரத்தில் எடுத்தவை. தரத்தைக் கூட்டினால் டேட்டாதான் போகும், படத்தில் புதிதாக ஒன்றும் தெரியாது. அவை அகலத்திரைக்கு எடுக்கப்பட்டவையும் அல்ல, அதனால் கைபேசியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பட்டை பிடிக்காமல் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் பட்டை போய்விடும், கூடவே பீஷ்மரின் கிரீடமும் போய்விடும். அப்படியே விட்டுவிடுங்கள்.

வீட்டில் வைஃபை இருந்தால் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ரயிலில் சிக்னல் போனாலும் கவலையில்லை. 267 பகுதிகளையும் ஒரேயடியாக இறக்க நினைக்காதீர்கள், 40 ஜிபி ஆகிவிடும். பத்து பத்தாக இறக்கி, பார்த்ததை அழித்துக்கொண்டே போங்கள். மொழியைத் தரவிறக்குவதற்கு முன்னாலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். இந்தியில் இறக்கிவிட்டு, நடுவழியில் இணையமில்லாமல் தமிழுக்கு மாற்ற முடியாமல் போகலாம். கிளம்புவதற்கு முன் விமானப் பயன்முறையைப் போட்டு ஒரு பகுதி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் செய்வதில்லை.

தரவிறக்கிய கோப்பு செயலிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். கேலரியில் தேடினால் கிடைக்காது, இன்னொரு போனுக்கு அனுப்பவும் முடியாது. குறிப்பிட்ட நாட்களில் காலாவதியும் ஆகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருவதும் இதே பாதுகாப்பால்தான், போனில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சில விலை குறைந்த போன்களில் எவ்வளவு பெரிய சந்தா கட்டினாலும் எச்டி வராது. வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1 சான்று இல்லாத கருவிக்குச் செயலிகள் உயர்தரப் படத்தைக் கொடுப்பதில்லை. டேப்லெட் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த எல்1 இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அமைத்துக் கொடுத்தல்

பெரியவர்களுக்குக் கைபேசியைவிட டேப்லெட் நல்லது, சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்ட் அதைவிட நல்லது. நுழையும்போது ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மகன் எண்ணைக் கொடுத்துவிட்டு, செயலி தானாக வெளியேறிய நாளில் மகன் அலுவலகக் கூட்டத்தில் இருந்தால் அன்றைக்கு ராமாயணம் கிடையாது. பிளே ஸ்டோரில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டால் கைதவறித் தொட்டாலும் காசு போகாது. ஆண்ட்ராய்டில் ஒரே செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதி உண்டு. விரல் பட்டு வேறெங்கோ போய்விடுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

சாமி கதைதானே என்று குழந்தைகள் கையில் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். துகிலுரிதலும் துச்சாசனன் வதமும் பெரியவர்களையே உலுக்கும் காட்சிகள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி நிகழ்ச்சிகளுக்கு 7+, 13+, 16+ என்று வயதுக் குறியீடு இருக்கும். தொடரின் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குத் தனி புரொஃபைல் உருவாக்கி, பெரியவர்கள் பக்கத்துக்கு ரகசிய எண் (PIN) போட்டுவிடலாம்.

வெளிநாட்டில் இருந்தால்

ஒளிபரப்பு உரிமை நாடுவாரியாக விற்கப்படுகிறது. இந்தியாவில் கட்டிய சந்தா சிங்கப்பூரிலோ கனடாவிலோ வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. தரவிறக்கி எடுத்துக்கொண்டு போனதுகூடச் சில செயலிகளில் எல்லை தாண்டினால் ஓடாது. விபிஎன் போட்டு இந்தியாவில் இருப்பதுபோல் காட்டிக்கொள்வது பெரும்பாலான செயலிகளின் நிபந்தனைக்கு விரோதம், கணக்கை முடக்கலாம். நீங்கள் இருக்கும் நாட்டின் ஆப் ஸ்டோரில் அந்தச் செயலி கிடைக்கிறதா, அங்கே தமிழ்ப் பட்டியல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த நாட்டுச் சந்தாவையே எடுங்கள். அதுவும் இல்லையென்றால் தயாரிப்பாளர்களின் யூடியூப் சேனல்களைப் பாருங்கள், பல தொடர்கள் வெளிநாட்டிலும் அங்கே திறக்கும். பெற்றோர் உங்களைப் பார்க்க வரும்போது அவர்கள் இந்தியாவில் கட்டிய சந்தாவை நம்பி இருந்துவிடாமல், அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்து வையுங்கள்.